மொட்டை ஸ்கூட்டரில் பெரிய எஞ்சின்: கேள்வி பதில்

காட்பாடி வாசகர்: அப்பாவின் பழைய பஜாஜ் சேத்தக்கின் முன் ஷீல்டை வெட்டி, மொட்டையாக்கி, பல்சர் எஞ்சின் பொருத்தலாமா?

வேண்டாம். சேத்தக்கில் சேஸிஸ் என்று தனியாக எதுவும் இல்லை. தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த உடம்பே அதன் எலும்புக்கூடு. ஷீல்டையும் கால் வைக்கும் தளத்தையும் வெட்டினால், ஹேண்டில்பாருக்கும் பின்பகுதிக்கும் இடையிலான பிடிப்பே தளர்ந்துவிடும். மொட்டை வண்டிதான் வேண்டுமென்றால், குழாய்ச் சட்டத்தின்மேல் தகடுகளை நட்டு போட்டு மாட்டியிருக்கும் லாம்பி, விஜய் சூப்பர் போன்ற, இத்தாலிய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் வழிவந்த வண்டிகளே அதற்கு ஏற்றவை.

எஞ்சின் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரியது. சேத்தக்கின் எஞ்சின்தான் பின் சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் வேலை செய்கிறது; கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் அச்சிலேயே சக்கரம் மாட்டப்பட்டிருப்பதால் அங்கே செயினுக்கு இடமில்லை. செயினில் ஓடும் பைக் எஞ்சினை அங்கே வைக்க வேண்டுமானால் பின் சட்டம் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆம்பூர் வாசகர்: இருக்கும் எஞ்சினையே போர் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து, பெரிதாக்கினால்?

சேத்தக்கின் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) தலா 57 மி.மீ.; கொள்ளளவு 145.45 சி.சி. லேத் பட்டறையில் அரை மி.மீ. ரீபோர் செய்தால் 148 சி.சி. ஆகும், தேய்மானம் சரியாகுமே தவிர, வேகத்தில் வித்தியாசம் தெரியாது. 63 மி.மீ. பிஸ்டன் போட்டால்தான் 177 சி.சி. வரும். பழைய சிலிண்டரை அந்த அளவுக்குக் குடைய முடியாது என்பதால் தனிச் சிலிண்டர் தொகுப்பு வாங்க வேண்டும். அதுவும் உங்கள் எஞ்சினின் போர்ட் (வாயு போய்வரும் துளை) அமைப்போடு பொருந்துகிறதா என்று அளந்து பார்த்த பிறகே. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் பெரிதாக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காப்பிப்பொடி நிறம் நல்லது, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் நாள் தூரத்தில் இல்லை.

சத்துவாச்சாரி வாசகர்: மூடிகளை எடுத்துவிட்டால் காற்று நேராகப் பட்டு எஞ்சின் குளிர்ந்துவிடும் அல்லவா?

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பக்கவாட்டு மூடிகளைத் தாராளமாக எடுக்கலாம். சிலிண்டரைச் சுற்றியிருக்கும் உறையைக் கழற்றவே கூடாது. ஃப்ளைவீலிலுள்ள விசிறி தள்ளும் காற்றைச் சிலிண்டரைக் குளிர்விக்கும் உலோக இதழ்களுக்கிடையே செலுத்துவது அந்த உறைதான். அது இல்லாவிட்டால் காற்று சிதறிப்போகும். பைக் எஞ்சின்போல எதிர்க்காற்றை நம்பி அமைக்கப்பட்ட எஞ்சின் அல்ல இது. 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர் மே மாத வெயிலில், கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது, அந்த விசிறிதான் உங்களுக்குத் துணை. பெட்டி பெட்டியாகக் குரோம் வாங்கி மாட்டியவர்கள், பளபளப்பு தெரியட்டும் என்று உறையைக் கழற்றி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ராணிப்பேட்டை வாசகர்: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019 திருத்தம் வழிசெய்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே கேள்வியாக்கும். எனவே 177 சி.சி. வண்டியைச் சொந்த நிலத்தில் ஓட்டுங்கள். சாலைக்கு 145 போதும்.

வாணியம்பாடி வாசகர்: ரீபோர் செய்த சேத்தக்கில் ஏலகிரி ஏறலாமா?

ரன்னிங்-இன், அதாவது புது பிஸ்டன் பழகும்வரை மெதுவாக ஓட்டும் காலம், முடிந்த பிறகு ஏறலாம். ஏறுவதைவிட அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதுதான் எஞ்சினுக்குச் சோதனை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போவதால், ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடிக் கியரில் இறங்கினால் எஞ்சின் சுற்றும், எண்ணெய் போகாது. இடையிடையே கிளட்சைப் பிடித்து இரண்டொரு முறை ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டு, மீண்டும் கியரிலேயே இறங்குங்கள்.