அடுத்த காட்சியிலேயே குணமாகும் டைவர்

கேள்வி: டாக்டர், எனக்கு 58 வயது. பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து யூடியூபில் ‘ஸீ ஹன்ட்’ போன்ற பழைய டைவிங் தொடர்கள்தான் பொழுதுபோக்கு. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவர் வலியில் துடிப்பார். ஓர் இரும்புத் தொட்டிக்குள் அடைப்பார்கள். அடுத்த காட்சியில் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். நிஜத்திலும் இப்படித்தானா? அடுத்த மாதம் மகனோடு அந்தமான் போகிறேன். கடைசி நாள் காலையில் ஸ்கூபா டைவிங், மதியம் சென்னைக்கு விமானம். செய்யலாமா?

பதில்: முதலில் அந்தக் கடைசி நாள் திட்டத்தை மாற்றுங்கள். ஒரே ஒரு முறை டைவ் செய்தால் 12 மணி நேரம், பல முறை செய்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். டைவிங்கை முதல் நாளுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

காரணம் நைட்ரஜன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே போய்விடும். வேகமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும், அதுதான் அந்த வலி. விமானத்துக்குள் அழுத்தம் சுமார் 2,000 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல் குறைவு. மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாக அது போதும்.

இனி உங்கள் தொடர். லாயிட் பிரிட்ஜஸ் நடித்து 1958 முதல் 1961 வரை வந்தது, எனக்கும் பிடிக்கும். அதில் டைவர்கள் வாயில் வைத்து மூச்சுவிடும் இரட்டைக் குழாய் ரெகுலேட்டரில் குமிழிகள் கழுத்துக்குப் பின்னால் வெளியேறும், அதனால் முகம் மறையாது. கேமராவுக்கு நல்ல வசதி! ஆனால் அன்று நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் மேலே வருவது சாதாரணம். இன்று அதில் பாதிதான். வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கவும் சொல்கிறார்கள்.

தொட்டிக்குள் அழுத்தத்தை மறுபடி ஏற்றிக் குமிழிகளைச் சுருக்கி, பிறகு மெதுவாகக் குறைப்பார்கள். அதைத்தான் டிவி வெட்டிவிட்டது. அந்தத் தொடர் வந்த காலத்தில் அமெரிக்கக் கடற்படை வகுத்த சிகிச்சை முறைகளில் மிக நீண்டது சுமார் 38 மணி நேரம். 1960களின் நடுவில் ஆக்சிஜன் முறை வந்த பிறகு, வழக்கமான சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் மாஸ்க் வழியே 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என்று மாறி மாறிக் கொடுப்பார்கள். அழுத்தம் ஏறும்போது காற்று இரைச்சலோடு நுழையும், உள்ளே சூடாகும், காது அடைக்கும், பேச்சு மூக்கால் பேசுவதுபோல் கேட்கும். அழுத்தத்தைக் குறைக்கும்போது குளிரடித்து, சில நேரம் பனிமூட்டம்கூட வரும். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் பருத்தி உடை மட்டும்தான். லைட்டர், எண்ணெய், செல்போன் எதற்கும் இடமில்லை.

சிகிச்சைக்குச் சீக்கிரம் வந்தவர்களில் பெரும்பாலானோர் நன்றாகத் தேறுகிறார்கள். முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்குப் பல முறை சிகிச்சை தேவைப்படலாம், அப்படியும் சிலருக்குக் குறை தங்கிவிடும். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் நோயாளிதான். “சிலிண்டர் தூக்கினதுல தோள் பிடிச்சுக்கிச்சு” என்று படுத்துவிடுவார். (அந்த சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்சிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான்.) டைவ் முடிந்து 24 மணி நேரத்துக்குள் மூட்டு வலி, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், மரத்துப்போதல், கால் தளர்ச்சி, தலைசுற்றல், சிறுநீர் போகாமை எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். படுக்க வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி குறைந்துவிட்டாலும் போயாக வேண்டும். மறுபடி கடலில் இறங்கிச் சரிசெய்யலாம் என்பது தொடரோடு நிற்கட்டும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு நைட்ரஜனைவிட இதயத்தைப் பற்றித்தான் கவலை. முதன்முறை டைவ் செய்பவர்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நீருக்கடியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல். மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். இசிஜி, எக்கோ, முடிந்தால் டிரெட்மில் சோதனை எடுங்கள். பிரஷர் கட்டுக்குள் இருந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல் இருந்தால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். சளி, காதடைப்பு இருந்தால் அன்று இறங்க வேண்டாம். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. குறைந்த ஆழத்திலும் நுரையீரல் கிழியலாம்.

பணம் கட்டுமுன் டைவிங் நிலையத்தாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, பக்கத்தில் டிகம்ப்ரஷன் சேம்பர் (அந்த இரும்புத் தொட்டிதான்) எங்கே? பதில் சொல்லத் தடுமாறினால் வேறு நிலையம் பாருங்கள்.