ஜப்பானின் கியோட்டோ நகரைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க முடியுமா, இல்லை பஸ்தான் சரியா?

தாராளமாக முடியும். பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்குவதற்கு இது எவ்வளவோ மேல். 794-இல் தலைநகராக அமைத்தபோதே தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டுவிட்டார்கள், அதனால் வழி தவறுவது கஷ்டம். மூன்று பக்கமும் மலை, நடுவில் சமதளம். ஆனால் அது முழுச் சமதளம் இல்லை, வடக்கே போகப் போகத் தெரியாமலே ஏறிக்கொண்டிருக்கும். ஸ்டேஷன் பக்கம் இருக்கும் தோஜி கோயிலின் 55 மீட்டர் கோபுர உச்சியும் வடக்கே கிட்டாஓஜி தெருவும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்பார்கள். காலையில் வடக்கே மிதித்துவிட்டால் திரும்பும்போது சுகம்.

கமோ ஆற்றங்கரைப் பாதையில் சிக்னலே கிடையாது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய அரண்மனையைச் சுற்றியுள்ள பூங்கா. அங்கே அகலமான வழியெல்லாம் சரளைக்கல், சக்கரம் புதையும். ஆனால் ஊர்க்காரர்கள் ஓட்டி ஓட்டி ஒரு சாண் அகலத்துக்குத் தடம் விழுந்திருக்கிறது, எல்லோரும் அதிலேயே போவார்கள். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் கல்லில் இறங்கித்தான் ஆகவேண்டும்!

கியோமிசு கோயிலுக்கு மட்டும் நடந்தே போங்கள், ஏற்றமும் கூட்டமும் தாங்காது.

நிறுத்தும் விஷயத்தில்தான் உஷார். கண்ட இடத்தில் விட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மீட்கக் காசு கட்டவேண்டும். நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் நாடு. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் 2024 நவம்பரிலிருந்து தண்டனை கடுமை, குடை பிடித்து ஓட்டுவதும் குற்றம்.