குதிரைக்கு யார் பங்காளி?

கேள்வி: எங்கள் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரையைப் பார்த்துவிட்டு, ஆறாவது படிக்கும் என் பையன், "குதிரை மாட்டுக்குச் சொந்தமா? அது நம்ம ஊர் விலங்கா?" என்று கேட்கிறான். என்ன சொல்வது, டாக்டர்?
- ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: மாட்டுக்குச் சொந்தமில்லை அம்மா. அந்த மண்குதிரையின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். குயவர் சரியாகத்தான் செய்திருப்பார்: ஒற்றைக் குளம்பு. மாட்டுக்கோ பிளந்த குளம்பு. குதிரையின் குளம்பு என்பது நடுவிரலின் நகம். காலுக்கு ஒரு விரல் என்று ஊன்றித்தான் அவ்வளவு பெரிய உடம்பும் நிற்கிறது.

மற்ற விரல்கள் எங்கே? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கும்பகோணத்தில் ஒரு ஜட்கா வண்டிக் குதிரையை நொண்டுகிறது என்று கொண்டுவந்தார்கள். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தடவினேன். பெரிய எலும்பை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாகப் பென்சில் கனத்தில் இரண்டு எலும்பு; கீழே போகப்போக மெலிந்து, குளம்பு வரை போகாமலே முடிந்துவிட்டன. பாடத்தில் படித்தது விரலுக்கடியில் தட்டுப்பட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. பக்கவிரல்கள் தேய்ந்துபோனதன் மிச்சம் அது. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் காடுகளில் திரிந்த அதன் மூதாதை நாய் உயரம்தான். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. காடு குறைந்து புல்வெளி விரிய விரிய, வேகமாக ஓட நடுவிரல் ஒன்றே போதுமென்று ஆயிற்று.

கழுதையும் வரிக்குதிரையும் குதிரையின் நெருங்கிய சொந்தம். தூரத்துப் பங்காளி காண்டாமிருகம். அதற்கு இன்றும் காலுக்கு மூன்று விரல். உயிரணுவுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம் குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இரண்டும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சரியாகச் சேராததால் அது அநேகமாகக் குட்டி போடாது. அதனால் இரண்டையும் தனித்தனி இனமாக வைத்திருக்கிறோம்.

அப்புறம், நம்ம ஊர் விலங்கும் இல்லை. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் வேர், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளியில் இருக்கிறது. நம் காவிரிப்பூம்பட்டினத்தில் அது கப்பலில் வந்து இறங்கியதைத்தான் பட்டினப்பாலை 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' என்கிறது.

ஊர்வலத்துக்குக் குதிரை வந்தால், சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு, பையனை அந்த எலும்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நிற்கட்டும், பின்னால் போக வேண்டாம்.