குளிரில் மிஸ் அடிக்கும் லாரி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றும் பழைய லாரி. ஆறு சிலிண்டர், இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு பைப்பாக டீசலை அனுப்பும் பழைய வகை). மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிஷம் மிஸ் அடித்து (ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் பற்றாமல்), கேபினே ஆடி, வெள்ளைப் புகை தள்ளுகிறது. சூடேறியதும் சரியாகிவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் இரவு நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் ஆறையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– லாரி உரிமையாளர், ஊட்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கீழே தொல்லை இல்லை என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. குளிர் பாதிக் காரணம், உயரம் மீதி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்குதான். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். உள்ளே போகிற காற்றே குறைவு, அதுவும் ஜில்லென்று போகிறது. கொஞ்சம் தேய்ந்த சிலிண்டர் கீழே சமாளித்துவிடும், மேலே கைவிட்டுவிடும். பற்றாமல் வெளியேறும் டீசல்தான் அந்த வெள்ளைப் புகை.

அதை ஒருமுறை மோந்து பார்த்து உறுதி செய்யுங்கள். டீசல் நெடியும் கண் எரிச்சலும் இருந்தால் மேலே சொன்னதுதான். எஞ்சின் சூடான பிறகும் புகை நிற்காமல், இனிப்பு வாடை அடித்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். (ரேடியேட்டரில் கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்களுக்கு அந்த வாடையும் வராது, மட்டம் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.)

அடுத்தது எந்த சிலிண்டர் என்று பிடிப்பது. ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் இதை முடித்துவிட வேண்டும். சூடேறிவிட்டால் ஆறும் ஒரே மாதிரி நடிக்கும். ஐடிலில் ஓடவிட்டு, நாசில் பக்கத்து பைப் நட்டை ஒவ்வொன்றாக, துணி சுற்றி, அரைச் சுற்று தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஆள். சாக்பீஸால் குறித்துவையுங்கள். மறுநாள் காலையும் இதையே செய்யுங்கள்.

இரண்டு நாளும் ஒரே சிலிண்டர் மாட்டினால், உதாரணமாக இரண்டாவது என்றால், அதன் நாசிலைக் கழற்றி ஐந்தாவதில் போட்டு, ஐந்தாவதை இரண்டில் போடுங்கள். காப்பர் வாஷர் மட்டும் புதிது. மறுநாள் மிஸ் ஐந்தாவதுக்குப் போய்விட்டால் நாசில்தான் குற்றவாளி. அந்த ஒன்றை மட்டும் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் செய்தால் போதும்: சரியான அழுத்தத்தில் திறக்கிறதா, பனிபோலத் தூவுகிறதா, முனையில் சொட்டுத் தேங்காமல் இருக்கிறதா. மிஸ் இரண்டாவதிலேயே தங்கிவிட்டால் ஆறு நாசில் வாங்கியும் பயனில்லை. டேப்பெட் (வால்வு) இடைவெளியைப் பாருங்கள், பிறகு கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டர் காற்றை அமுக்கும் அழுத்தத்தை. கம்ப்ரஷன் அளவை ஊட்டியில் எடுத்தால் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும்; மற்ற ஐந்தோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

மிஸ் ஒரு நாள் இரண்டாவதில், ஒரு நாள் நான்காவதில் என்று அலைந்தால் லைனில் காற்று ஏறுகிறது. டேங்கிலிருந்து, டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரையுள்ள பைப்பில் டீசல் வெளியே கசியாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குளிரில் ரப்பர் வாஷர் விறைத்து இடைவெளி விடும், சூட்டில் தானே அடைத்துக்கொள்ளும். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: ஸ்டார்ட் செய்யும் முன் கைப்பம்பை இருபது முப்பது முறை அடியுங்கள். அன்றைக்கு சுத்தமாக ஓடினால் காற்றுதான். சந்தேகம் தீராவிட்டால் ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் போட்டு குமிழி வருகிறதா பாருங்கள்.

ஆறு சிலிண்டரும் சேர்ந்தே புகைந்தால் பம்ப் டைமிங் (டீசலைத் தூவும் நேரம்) பின்தங்கியிருக்கலாம்.

சூடேறப் பத்து நிமிஷம் ஆகிறது என்பதும் இடிக்கிறது. வண்டி கொதிக்கிறது என்று யாராவது தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றிப் போட்டிருக்கிறார்களா? ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அது குளிர்ந்தே இருக்க வேண்டும். முதலிலிருந்தே வெதுவெதுப்பு ஏறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது.

கேள்வி: நாமக்கல்லிலிருந்து ஜனவரியில் காஷ்மீர் போன காமன் ரெயில் வண்டி (எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் புது வகை), காலையில் ஸ்டார்ட் ஆகி இரண்டே நிமிஷத்தில் திணறி நின்றுவிட்டது. பம்ப் போய்விட்டதா?

பதில்: முதலில் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல டீசலிலும் மெழுகு திரளும். ஐஎஸ் 1460 என்ற இந்திய டீசல் தரப்படி, சாதாரண டீசல் உறைந்து ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரி வரையும், மற்ற மாதங்களில் 18 டிகிரி வரையும் இருக்கலாம். தெற்கில் நிரப்பிய டீசலை வழியிலேயே தீர்த்துவிட்டு, குளிர்ப் பகுதி பங்கில் நிரப்புங்கள். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. அடைத்த ஃபில்டர் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள், தீ காட்டாதீர்கள். மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகு. மேலே சொன்ன நட் தளர்த்தும் சோதனையும் இந்த வண்டிக்கு ஆகாது. 1,000 பாரைத் தாண்டக்கூடிய அழுத்தம், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கம்ப்யூட்டர் ஸ்கேனரில்தான் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள எஞ்சினில் கூடவே கூடாது, மேனிஃபோல்டிலேயே வெடிக்கும். ஏர் ஃபில்டர் வாயில் துணி கொளுத்திக் காட்டுவதும் வேண்டாம், சாம்பல் நேராக உள்ளேதான் போகும்.