"ஊசி வலிக்காது" என்று சொன்ன பிறகு

ஊசி வலிக்காது என்று சொல்லி அழைத்துப் போனேன், இப்போது ஆறு வயது மகள் பல் தேய்க்காமலே தேய்த்தேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பொய்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பொய் சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2014-இல் வெளியான ஒரு கலிபோர்னியா ஆய்வில், பக்கத்து அறையில் மிட்டாய் இருப்பதாகப் பெரியவர் ஏமாற்றிய பள்ளி வயதுப் பிள்ளைகள், பார்க்கக் கூடாத பொம்மையை அதிகம் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததை அதிகம் மறைத்தார்கள். அதைவிடச் சின்னவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

சரி, இன்றே அவளிடம், "வலிக்கும்னு தெரிஞ்சும் வலிக்காதுன்னு சொல்லிட்டேன், தப்புதான்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், பிரஷ் காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு "தேய்ச்சியா?" என்று கேட்காதீர்கள். அது கேள்வி இல்லை, பொறி. "பிரஷ் காய்ஞ்சிருக்கு, வா தேய்க்கலாம்" போதும்.