ரிமோட் கால் சர்வரும் ‘நீ யார்?’ என்ற கேள்வியும்: கேள்வி பதில்

ஒரு கணினியில் இருக்கும் நிரல் இன்னொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுவதுதான் ஆர்பிசி. கூப்பிடுவது யார் என்று சர்வர் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் சர்வர் ஃபயர்வாலுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆர்பிசி வழியாக இயங்கும் என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வு, அழைப்பவர் யார் என்று சொல்லும் பழைய ஆத்-சிஸ் முறையில் ஓடுகிறது. இதில் என்ன ஆபத்து?

ஆத்-சிஸ்ஸில் சரிபார்ப்பு என்று எதுவுமே இல்லை. ஒவ்வொரு அழைப்போடும் கிளையன்ட் (அழைக்கும் கணினி) தன் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), கணினியின் பெயர் ஆகியவற்றை எழுதி அனுப்பும். சர்வர் அதை அப்படியே நம்பிவிடும். கடவுச்சொல் கிடையாது, கையொப்பமும் கிடையாது.

செய்து பார்த்தால் உங்களுக்கே புரியும். சர்வரில் ஒருவருடைய யூஐடி 1005 என்று வைத்துக்கொள்வோம். பகிர்வை மவுன்ட் செய்ய (இணைத்துக்கொள்ள) அனுமதி உள்ள ஒரு லேப்டாப்பில் எனக்கு ரூட் உரிமை, அதாவது முழு நிர்வாக உரிமை, இருக்கிறது. அதில் 1005 என்ற எண்ணோடு ஒரு கணக்கை உருவாக்கி உள்ளே நுழைந்தால் போதும், அவருடைய கோப்புகள் எல்லாம் திறக்கும். ‘ரூட் ஸ்குவாஷ் போட்டிருக்கிறோமே’ என்பீர்கள். அது ரூட்டின் எண்ணான 0-ஐ மட்டும்தான் யாருமில்லாத கணக்காக மாற்றும். 1005-ஐத் தொடாது.

ஃபயர்வால் வெளியாளைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கும் ஒரு கணினி கைமாறிவிட்டால் அதனால் பயனில்லை.

கேள்வி: சார், நான் 20 குழுக்களில் இருக்கிறேன். சில ஃபோல்டர்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன. உரிமை எல்லாம் சரியாகவே இருக்கிறது.

இதுவும் ஆத்-சிஸ்ஸின் கைங்கரியம்தான். அந்தச் செய்தியில் 16 கூடுதல் குழுக்களுக்குத்தான் இடம். மிச்சம் சத்தமில்லாமல் கழன்றுவிடும். லினக்ஸ் சர்வராக இருந்தால், கிளையன்ட் அனுப்பும் பட்டியலை விட்டுவிட்டுக் குழுக்களைச் சர்வரே தேடிக்கொள்ளும்படி மவுன்ட்டி-யில் (மவுன்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் சர்வர் நிரல்) ‘மேனேஜ்-ஜிட்ஸ்’ என்ற விருப்பம் உண்டு.

கேள்வி: டிக்கெட் கொடுத்து ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறைக்கு மாறினால் என் கடவுச்சொல் எல்லா சர்வர்களுக்கும் போகுமா?

எந்த சர்வருக்கும் போகாது. அதன் அழகே அதில்தான் இருக்கிறது.

உங்களுக்கும் சர்வருக்கும் பொதுவாக, இருவரின் ரகசியச் சாவியையும் அறிந்த ஒரு மையம் இருக்கிறது. அது உங்களுக்கு ஒரு டிக்கெட் தரும். டிக்கெட் சர்வரின் சாவியால் பூட்டப்பட்டிருப்பதால் உங்களால் அதைத் திறக்க முடியாது. கூடவே ஒரு தற்காலிகச் சாவியும் வரும். அதே சாவியின் நகல் டிக்கெட்டுக்குள்ளும் இருக்கும். அப்புறம், இப்போதைய நேரத்தைத் தற்காலிகச் சாவியால் பூட்டி டிக்கெட்டோடு சேர்த்து அனுப்புகிறீர்கள். சர்வர் டிக்கெட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சாவியால் நேரத்தைப் படித்துப் பார்க்கும். சரியாக இருந்தால் நீங்கள் நீங்கள்தான். மையத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

நேரம் எதற்கு? வழியில் யாராவது பிடித்து வைத்த பழைய செய்தியை மறுபடி அனுப்பினால் கண்டுபிடிக்கத்தான். வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரை ஏற்கப்படும். ஒருமுறை, நிறுத்தி வைத்திருந்த ஒரு விர்ச்சுவல் மெஷினை எழுப்பியதும் எல்லா அழைப்பும் தோற்றது. பாதி ராத்திரி வரை சாவிக் கோப்பையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கடிகாரம் 7 நிமிடம் பின்தங்கியிருந்தது. இன்றும் கெர்பரோஸ் முரண்டு பிடித்தால் முதலில் மணியைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: என்எஃப்எஸ்ஸில் கெர்பரோஸுக்கு கேஆர்பி5, கேஆர்பி5ஐ, கேஆர்பி5பி என்று மூன்று அமைப்புகள் — எது வேண்டும்?

முதலாவது யார் என்று மட்டும் பார்க்கும். இரண்டாவது உள்ளடக்கம் மாறவில்லை என்றும் உறுதி செய்யும். மூன்றாவது எல்லாவற்றையும் மறையாக்கம் செய்யும். வேகம் இடிக்காதவரை மூன்றாவதைப் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் சேவைகளுக்கு இடையே ஜிஆர்பிசி என்ற ஆர்பிசி கட்டமைப்பைப் பயன்படுத்துகிறோம். இருபுறமும் சான்றிதழ் காட்டி இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் போதுமா, பயனரின் அடையாளச் சீட்டான டோக்கனும் வேண்டுமா?

இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில். சான்றிதழ் ‘எந்தச் சேவை கூப்பிடுகிறது’ என்று சொல்லும். டோக்கன் ‘எந்தப் பயனருக்காக’ என்று சொல்லும். பில்லிங் சேவை கூப்பிடுகிறது என்பதற்காக எல்லாப் பயனர்களின் பில்லையும் காட்டிவிடலாமா? அதனால் பயனர் சம்பந்தப்பட்ட இடங்களில் இரண்டும் வேண்டும்.

டோக்கனை வாங்கும் சர்வர், கையொப்பத்தோடு, டோக்கன் எந்தச் சேவைக்காகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லும் ‘ஆடியன்ஸ்’ புலத்தையும் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், வேறொரு சேவைக்காகக் கொடுத்த டோக்கனை அந்தச் சேவையே எடுத்துக்கொண்டு வந்து உங்கள் கதவைத் தட்டும். நீங்களும் திறந்துவிடுவீர்கள். டோக்கனை டிஎல்எஸ் இல்லாத இணைப்பில் அனுப்பவே கூடாது. கையில் வைத்திருப்பவர்தான் அதற்குச் சொந்தக்காரர்.

கேள்வி: ஜிஆர்பிசியில் சரிபார்ப்பு தோற்றால் எந்தப் பிழை எண் அனுப்புவது?

யார் என்றே தெரியவில்லை என்றால் 16. யாரென்று தெரியும், ஆனால் அனுமதி இல்லை என்றால் 7. 7-க்குப் பதில் 16 அனுப்பினால் கிளையன்ட் புது டோக்கன் வாங்கி வாங்கி முயன்றுகொண்டே இருக்கும்.

கேள்வி: அண்ணா, ஒரு கிளையன்ட்டின் சான்றிதழை ரத்து செய்துவிட்டோம். ரத்துப் பட்டியலும் சர்வரில் இருக்கிறது. ஆனாலும் அது மணிக்கணக்கில் அழைத்துக்கொண்டே இருக்கிறது!

இணைப்பு தொடங்கும்போது மட்டும்தான் டிஎல்எஸ் சான்றிதழைப் பார்க்கும், தம்பி. ஜிஆர்பிசி ஒரே இணைப்பைத் திறந்து வைத்து அதிலேயே ஆயிரம் அழைப்புகளை அனுப்பும். ரத்து செய்ததற்கு முன்பே திறந்த இணைப்பு அது, அதனால் ஓடிக்கொண்டிருக்கிறது. சர்வரில் இணைப்பின் அதிகபட்ச ஆயுளுக்கு ஓர் அமைப்பு உண்டு, அதை 30 நிமிடம் போல வையுங்கள். நீண்ட ஸ்ட்ரீம்கள் (தொடர்ந்து ஓடும் அழைப்புகள்) இருந்தால் கூடுதல் அவகாசத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள், இல்லையென்றால் பழைய ஸ்ட்ரீம் முடியும்வரை இணைப்பு மூடாது. இன்றைக்கு அவசரம் என்றால் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.