ஆமை முதுகில் எழுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன மாதம் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஐந்து டைவ் முடித்துவிட்டு வந்தேன். இதுவரை ஆக்‌ஷன் கேமரா மட்டும்தான், இந்தமுறை முதல்தடவையாக மிரர்லெஸ் கேமராவை ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத பெட்டி) போட்டு இறக்கினேன். லென்ஸுக்கு முன்னால் குமிழ் மாதிரி வரும் எட்டு அங்குல அக்ரிலிக் டோம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால் பாதிப் படங்களில் ஒரு வெளிறிய வளைவு. நல்லதாக அமைந்த ஒரே ஆமைப் படத்தில் ஓட்டின் மேலேயே வெள்ளையாக எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறது, அதுவும் இடவலம் மாறி. ஒரு நண்பர் அது பேக்ஸ்கேட்டர் என்கிறார். இன்னொருவர் எதிரொளிப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் போடு என்கிறார். கூட வந்த டைவ்மாஸ்டர் நான் போட்டிருந்த வெள்ளை ரேஷ்கார்டை (டைவ் சட்டை) காரணம் சொன்னார். விசாரித்த கடையில் எதிரொளிப்பைக் குறைக்கும் கோட்டிங் உள்ள கண்ணாடி டோம் வாங்கச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டதும் தலைசுற்றிவிட்டது. எதை நம்புவது?

எஸ்., புதுச்சேரி

அன்புள்ள எஸ்.,

டோம் வாங்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஆமை முதுகில் இருப்பது உங்கள் லென்ஸின் பெயர். லென்ஸின் முன்வளையத்தைப் பாருங்கள், நிறுவனத்தின் பெயர், மில்லிமீட்டர், ஃபில்டர் அளவு எல்லாம் வெள்ளையில் அச்சடித்திருக்கும். டோம் வழியாக உள்ளே வரும் வெளிச்சம் அந்த வளையத்தில் பட்டுத் திரும்பி டோமின் உட்புறத்துக்குப் போகிறது, அங்கிருந்து கொஞ்சம் மறுபடி லென்ஸுக்குள் வருகிறது. இரவில் பஸ் ஜன்னலில் வெளியே பார்த்தால் நம் முகமே தெரியுமே, அதே கதைதான். ஆமை ஓடு இருட்டாக இருந்ததால் அங்கே தெரிந்தது. வெள்ளை மணலுக்கு மேல் அதே எழுத்து விழுந்திருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பேக்ஸ்கேட்டர் என்பது தண்ணீரில் மிதக்கும் துகள்கள் ஸ்ட்ரோப் (தண்ணீருக்குள் பயன்படும் ஃபிளாஷ்) வெளிச்சத்தில் பளிச்சிடுவது. அது புள்ளிபுள்ளியாக, படத்துக்குப் படம் இடம் மாறி விழும். உங்கள் வளைவு, அது விழுந்த எல்லாப் படத்திலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும்.

ரேஷ்கார்டு விஷயம் சுவாரசியமானது. காற்றிலிருந்து அக்ரிலிக்குக்குப் போகும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடும். தண்ணீரிலிருந்து அக்ரிலிக்குக்குப் போகும்போது நூற்றுக்கு அரைப் பங்குகூடத் திரும்பாது, ஏனென்றால் தண்ணீருக்கும் அக்ரிலிக்குக்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட நெருங்கிவிடுகிறது (1.33, 1.49). ஆகவே தண்ணீருக்குள் டோமின் வெளிமுகம் ஏறக்குறைய முகம் பார்க்கும் கண்ணாடி வேலையே செய்வதில்லை, தொல்லை முழுக்க உள்முகத்தில், காற்று இருக்கும் பக்கத்தில். உங்கள் சட்டை வெளியே இருக்கிறது, அதனால் அது நிரபராதி. மீன் காட்சியகத்தில் தொட்டிக்கு வெளியே நின்று படம் எடுத்தால் கதை தலைகீழ், அங்கே காற்று நம் பக்கம், வெள்ளைச் சட்டை தெரியத்தான் செய்யும். உங்கள் டைவ்மாஸ்டர் அதை எங்கோ கேட்டுவிட்டு இங்கே கொண்டுவந்திருக்கலாம்.

போலரைசரும் வேண்டாம். நேருக்கு நேர் பட்டுத் திரும்பும் ஒளி பெரிதாக போலரைஸ் ஆகாது, ஆக அது வெட்ட ஒன்றுமில்லை. ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல் வெளிச்சம் போவதுதான் மிச்சம். அதைவிட, டோமுக்குள் எந்த ஃபில்டரும் கூடாது. யூவி ஃபில்டர் மாட்டியபடியே இறக்கியிருந்தால் அதைக் கழற்றுங்கள், தட்டையான கண்ணாடி ஒன்று கூடினால் எதிரொளிக்கும் பரப்பு இரண்டு கூடுகிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம். மங்கலான வளைவு எல்லோருக்கும் வரும், எழுத்து என்று சொல்லுமளவுக்குத் தெரிவது கொஞ்சம் அபூர்வம். டோமின் உட்புறம் ஒரு குழிக்கண்ணாடி, முகத்தைப் பெரிதாகக் காட்டும் ஷேவிங் கண்ணாடி மாதிரி. லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தில், அதாவது டோமின் வளைவு மையத்தை ஒட்டி இருந்தால், வளையத்தின் பிம்பம் ஃபோகஸுக்குச் சிக்காத இடத்தில் விழுந்து வெறும் மங்கலாகப் போய்விடும். லென்ஸ் டோமின் வளைவு ஆரத்தில் பாதியைத் தாண்டி டோமை நெருங்கிவிட்டால்தான் பிம்பம் டோமுக்கு முன்னால், பெரிதாக, நிமிர்ந்து நிற்கும். இதில் ஒரு பொல்லாத பொருத்தம் உண்டு. தண்ணீருக்குள் டோம் தூரத்துப் பொருள்களையும் கிட்டே இழுத்துக் காட்டும், பத்து சென்டிமீட்டர் ஆரமுள்ள டோமில் அடிவானம் வரைக்கும் எல்லாமே முப்பது சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், கேமரா அங்கேதான் ஃபோகஸ் செய்யும், எழுத்தின் பிம்பமும் அந்தப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தால் தெளிவாகத் தெரியாமல் என்ன செய்யும்? செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்கிறீர்கள். ஹவுசிங்குக்கும் டோமுக்கும் நடுவே வரும் எக்ஸ்டென்ஷன் ரிங் உங்கள் லென்ஸுக்கு உரியதுதானா என்று ஹவுசிங் நிறுவனத்தின் போர்ட் (ஹவுசிங்கின் முன்ஜன்னல்) அட்டவணையில் பாருங்கள். குட்டையான ரிங் என்று சந்தேகப்படுகிறேன். படத்தின் மூலைகள் இழுபட்டு மங்கியிருந்தால் சந்தேகம் உறுதி.

டோமுக்குப் பதில் தட்டைக் கண்ணாடி வரும் தட்டை போர்ட்டில் கணக்கு வேறு, அங்கே லென்ஸ் கண்ணாடியை ஒட்டி இருப்பதே நல்லது. வளையத்தின் ஆரம் 25 மில்லிமீட்டர், கண்ணாடிக்கு 30 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் பிம்பம் 60 மில்லிமீட்டர் தள்ளி, நடுவிலிருந்து சுமார் 23 டிகிரியில் நிற்கும். 28 எம்எம் லென்ஸின் பார்வைக்குள் அது தாராளமாக வரும். இடைவெளியை 10 ஆக்கினால் 50 டிகிரிக்கு மேல் போய் ஃபிரேமை விட்டே வெளியேறிவிடும்.

சரி, செய்யவேண்டியது. டோமைப் பார்த்து நிற்கும் எல்லாவற்றையும் கறுப்பாக்குங்கள், மினுக்கில்லாத கறுப்பு. எழுத்தின் மேல் கறுப்பு மார்க்கர் தீட்டலாம், ஆனால் லென்ஸை நாளைக்கு விற்க நினைப்பவர்கள் மனம் ஒப்பாது. துணி மாதிரி இருக்கும் காஃபர் டேப்பைக் குட்டிக்குட்டித் துண்டாக வெட்டி ஒட்டலாம். எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் கறுப்பு டேப் கூடவே கூடாது, அதுவே பளபளக்கும், நம் ஊர் வெயிலில் பசையும் இளகும். எனக்குப் பிடித்தது ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் ஷீட்டை வளையமாக வெட்டி முன்பக்கம் செருகுவது. மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸ் என்றால் அதுவும் முடியாது, எதை வைத்தாலும் படத்தில் வரும், அங்கே டேப் மட்டும். வெல்வெட் துணிதான் ஒளியை நன்றாக விழுங்கும், ஆனால் அதை நான் விட்டுவிட்டேன், நூல் உதிரும், ஒரே ஒரு நூல் தண்ணீரைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் மேல் விழுந்தால் கேமராவே குளித்துவிடும். லென்ஸில் தங்க நிறக் கோடு, சிவப்புக் கோடு, ஜூம் கியரில் வெள்ளை அம்புக்குறி இருந்தால் அதையும் கவனியுங்கள். ஆட்டோஃபோகஸ் உதவி விளக்கை அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரோப் இரண்டையும் டோமின் விளிம்புக்குப் பின்னால் இழுத்து வையுங்கள், அதன் வெளிச்சம் டோமில் பட்டால் இத்தனை கறுப்பும் வீண்.

கண்ணாடிக் கோட்டிங் அந்த நான்கு பங்கை ஒன்றுக்கும் கீழே கொண்டுவரும், அது உண்மை. பாதி தண்ணீருக்கு மேல் பாதி கீழே என்று எடுப்பவர்களுக்குப் பயன்படும், மேல்பாதியில் டோமின் இரண்டு முகமும் காற்றில் இருக்கிறதே. ஆனால் அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் வெளியே தண்ணீர் நிரப்பி மறைத்துவிடும், பாலிஷும் போடலாம். கண்ணாடியில் விழுந்தால் விழுந்ததுதான்.

நானும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன்தான். திருகோணமலை பக்கம் புறாத்தீவில், ஒரு சின்னக் கேமராவைக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் போட்டுக்கொண்டு கரும்புள்ளிச் சுறாக் குஞ்சுகளின் பின்னால் மத்தியானம் முழுக்க நீந்தினேன். முதுகுப்பக்கம் வெயில், ஹவுசிங்கோ எல்லாப் பக்கமும் திறந்த வீடு, உள்ளே லென்ஸ் வெள்ளி நிறம். ஒரு சுறா விடாமல் அத்தனை மேலும் நிறுவனத்தின் பெயர் திருப்பி எழுதியிருந்தது. மறுநாள் ஹவுசிங்குக்குக் கறுப்பு சாக்ஸ் போட்டேன், பட்டனுக்கும் போர்ட்டுக்கும் மட்டும் ஓட்டை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், படம் சுத்தமாக வந்தது.

அடுத்த டைவுக்கு முன் மொட்டை மாடியில் சோதித்துவிடுங்கள். நிழலில் கறுப்புத் துணி தொங்கவிட்டு, சாய்ந்த வெயில் டோமில் படும்படி நின்று, கேமராவைக் கையால் முப்பது சென்டிமீட்டருக்கு ஃபோகஸ் வைத்து, லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11-இல் நாலைந்து படம். சூரியனை நேராகப் பார்க்கவைக்காதீர்கள். தரையில் வெளிமுகமும் எதிரொளிப்பதால் தண்ணீரில் வருவதைவிட மோசமாகவே தெரியும், ஆகவே மாடியில் தேறினால் கடலிலும் தேறும். முக்கியமாக அதைப் பெரிய திரையில் பாருங்கள், கேமராத் திரையில் இந்த வளைவு கண்ணுக்கே அகப்படாது, அதனால்தான் ஐந்து டைவும் தெரியாமல் போயிருக்கிறது.

ஏற்கெனவே எடுத்தவற்றில் வெறும் நீலத்தில் விழுந்த வளைவை மென்பொருளில் அழித்துவிடலாம், பத்து நிமிட வேலை. ஆமை ஓட்டைத் தொடாதீர்கள். எழுத்தை அழிக்கப்போய் ஓட்டின் கட்டங்களை நீங்களாக வரையும்படி ஆகிவிடும்.

அப்புறம் அந்த எக்ஸ்டென்ஷன் ரிங்கின் நீளத்தை அளந்து எழுதுங்கள்.

அன்புடன்.